அடுப்படிக்கு வெளியே

எண்ணெய் காயவில்லை, அதற்குள் பூண்டைப் போட்டுவிட்டார். சத்தத்திலேயே தெரிகிறது. காய்ந்த எண்ணெயில் விழுந்தால் பூண்டு சடசடவென்று பேசும், இது முனகுகிறது. எழுந்து போய் அடுப்பைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் தீர்ந்தது, இந்த நாற்காலியிலிருந்து அடுப்படி வாசல் நாலே எட்டுதான், ஆனால் அந்த நாலு எட்டை எடுத்துவைத்து எனக்கு ஐந்து மாதம் ஆகப்போகிறது. அத்தான், தீயைக் கூட்டுங்க என்றேன். கூட்டித்தான் இருக்கு என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கூட்டியிருக்க மாட்டார். தீ என்றால் பயம் அவருக்கு. முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்த மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது என்ன நூல் என்று சொல்லிவிடுவார், கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே அடுப்படிக்குள் வந்தவர், இப்போது அறுபது வயதில் பிள்ளை பெற்ற மகளுக்குக் குழம்பு வைக்கிறார். கோமதி பின்னறையில் படுத்திருக்கிறாள். பக்கத்தில் பன்னிரண்டு நாள் குழந்தை, பெண். தலைப்பிரசவத்துக்கு வந்த மகளுக்கு நல்லமிளகும் பூண்டும் வைத்துக் குழம்பு கூட்டி, சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை உருட்டி உள்ளங்கையில் வைக்கவேண்டியவள் நான். கையை மடியில் போட்டுக்கொண்டு இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குழம்பைக் காதால் கிண்டிக்கொண்டிருக்கிறேன். மணி பத்து ஆகிறது. பன்னிரண்டுக்குள் ரூபி சிஸ்டர் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். சுகாதாரத் துறை நர்ஸ். மாத்திரை தின்று முடித்தபிறகு இது மூன்றாவது பரிசோதனை, முதல் இரண்டிலும் கிருமி இல்லை என்று வந்தது, இதிலும் இல்லை என்று வந்தால் நான் அடுப்படிக்குள் போகலாம். மத்தியானச் சோற்றை நானே போடலாம். அவர் வைத்த குழம்பாகவே இருக்கட்டும், போடுவது நானாக இருந்தால் போதும்.

புளியைக் கரைக்கிறார் இப்போது. தண்ணீர் அதிகம், சளசளவென்கிறது. சொல்லலாமா வேண்டாமா. காலையிலிருந்து நான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாவம் மனுஷர், ஒருதடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. கையைப் பார்க்கிறேன். இந்தக் கையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறேன், சோப்புப் போட்டுப் போட்டுத் தோல் வெளுத்துச் சுருங்கி வேறு யாருடைய கையோ போல இருக்கிறது. பதினோரு வருஷம் பெண்கள் விடுதியில் அறுபது பிள்ளைகளுக்குச் சமைத்த கை. வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள், நர்ஸ் படிப்பு படிக்கிறவர்கள். வடிவம்மா கைமணம் எங்க வீட்ல கூட இல்ல என்பார்கள். கைமணம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு மட்டும் தயிர்சாதம், அதைக் கரண்டியால் கிளறினால் ருசி வராது என்று பெரிய அண்டாவில் முழங்கைவரை கைவிட்டுப் பிசைவேன், சோறு மசிந்து வெண்ணெய்போலக் கைக்குள் வழுக்கும், அதில் இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டு இன்னொரு பிசை, பிள்ளைகள் தட்டோடு வந்து வரிசையில் நிற்கும். ஆடி மாதம் முதல் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு இரண்டு. ஆவணி பிறப்பதற்குள் ஒன்பது. எல்லாருக்கும் டைபாய்டு. தண்ணீர்த் தொட்டியைச் சோதித்தார்கள், பால்காரரை விசாரித்தார்கள், தொட்டியும் நன்றாக இருந்தது பாலும் நன்றாக இருந்தது. கடைசியில் சமையல்கட்டில் இருந்த நாலு பேரையும் வெளிக்குப் போனதைச் சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது, பதினோரு வருஷத்தில் காய்ச்சல் என்று ஒருநாள் லீவு போட்டதில்லை.

குழந்தை அழுகிறது. இல்லை, சிணுங்கல்தான், கோமதி தட்டுகிறாள், அடங்கிவிட்டது. ரூபி சிஸ்டர் வீட்டுக்கே வந்து, இதே நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, என் டப்பாவில்தான் கிருமி இருந்தது என்று தணிந்த குரலில் சொன்னார். பாளையங்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும், முகத்தில் ஒரு குற்றம் சொல்லுகிற சாயல் இல்லை. சிலபேருக்குக் காய்ச்சல் விட்டுப் போனபிறகும் கிருமி மட்டும் பித்தப்பையில் தங்கிவிடுமாம், அங்கே கல் இருந்தால் இன்னும் சௌகரியமாம், அந்த ஆளுக்கு ஒன்றும் செய்யாது, வருஷக்கணக்கில் குடலில் இறங்கி வெளியே போய்க்கொண்டிருக்குமாம், சில நாள் போகும், சில நாள் போகாது. வெளியே போகிற வழியும் தெரியும், அடுத்தவர் வாய்க்குள் போகிற வழியும் தெரியும், நடுவில் இருக்கிறது கையும் தண்ணீரும்தான் என்றார். கொதிக்கிறதில் அது செத்துவிடும். உங்க சாம்பார்ல வந்திருக்காது, ரசத்துல வந்திருக்காது, இறக்கினப்புறம் கை படுறதுலதான். அப்படியானால் துவையல். அப்படியானால் தேங்காய்ப்பூ, வெள்ளரிக்காய்ப் பச்சடி, மோர். அப்படியானால் தயிர்சாதம். சிஸ்டர் சொல்லச் சொல்ல நான் மனசுக்குள் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கை கழுவாமலா இருந்தேன், கழுவினேன், தண்ணீரில் அலம்பினேன், அவசரத்தில் சேலையில் துடைத்தேன், அறுபது பேருக்குச் சோறு இறக்கவேண்டிய நேரத்தில் யார் சோப்பைத் தேடுவார்கள், அந்தக் கழிப்பறைப் பக்கம் சோப்பே இருக்காது. தண்ணி போதாது, சோப்பு வேணும், நகத்துக்கு அடியில, விரல் இடுக்குல, இருபது எண்ணுற வரைக்கும். எண்ணுகிறேன். ஐந்து மாதமாக ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன், இருபதில் நிறுத்த முடியவில்லை, நாற்பது போகிறது, அறுபது போகிறது.

அறுபதில் அந்தப் பிள்ளைகளின் முகம் வந்துவிடுகிறது. அருள்மேரி. உவரிக்காரப் பிள்ளை, கடற்கரைக் குரல், பேசினால் மாடிவரை கேட்கும். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள், சாப்பிடவே மாட்டேன் என்று போர்வைக்குள் கிடந்தவளை நான் போய் எழுப்பி உட்காரவைத்தேன், குழையக் குழைய மோர்ச்சோறு பிசைந்து எடுத்துப் போயிருந்தேன், கரண்டி வேண்டாம்மா கையாலயே தாங்க என்றது, ஊட்டினேன். எனக்கு அப்போது பெருமை. மற்ற வேலைக்காரிகள் செய்யமாட்டார்கள், நான் செய்தேன் என்று. அவளுக்குத்தான் குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் வரை போனது. பிழைத்துக்கொண்டாள். தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, ஒரு பரீட்சை போய், ஊருக்குப் போய்விட்டாள். பெரியாஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போனேன், அதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது, வார்டு வாசல்வரை போனேன், அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, எம்பிள்ளைக்கு நீங்கதான் ஊட்டிவிட்டீங்களாமே, அவ சொன்னா என்று அழுதாள். நான் கையை உருவிக்கொண்டேன். ஏன் உருவினேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் படி இறங்கி வந்துவிட்டேன், பஸ்ஸில் நிற்கிற கம்பியைக்கூடப் பிடிக்காமல் சாய்ந்துகொண்டே வந்தேன். கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று சிஸ்டர் பிறகு சொன்னார். சோப்புப் போட்டுக் கழுவிட்டு நீங்க பேத்தியத் தூக்கலாம், கொஞ்சலாம், சமைக்கிறதும் ஊட்டுறதும் மட்டும்தான் கூடாது என்று போன வாரம்கூடச் சொன்னார். கோமதியும் கேட்டாள். நான்தான் தூக்கவில்லை. பன்னிரண்டு நாளாக வாசற்படியில் நின்று பார்க்கிறேன். அது கொட்டாவி விடுகிறது, முஷ்டியை மூக்கில் இடித்துக்கொள்கிறது, தலையில் கறுகறுவென்று முடி, உச்சிக்குழி துடிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அந்த உச்சியில் மூக்கை வைத்து ஒருதடவை மோந்துவிட்டால் போதும் என்று இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய ஆசை இந்த ஐம்பத்திரண்டு வயதில் இருந்ததில்லை. கைகூட வேண்டாம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கை மட்டும் வைக்கலாம். வைக்கவில்லை.

அத்தான் வாசலில் வந்து நிற்கிறார், கையில் கரண்டி, நெற்றியெல்லாம் வியர்வை. பெருங்காயம் எப்பப் போடணும் என்று கேட்கிறார். கொதி வந்தப்புறம் என்கிறேன். எவ்வளவு என்கிறார். சுண்டுவிரல் நகத்தளவு. அவர் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறார். என் அத்தை மகன்தான். என்னை வடிவு என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், சண்முகவடிவு என்று முழுப்பெயரையும் சொன்னால் ஏதோ மனசு கஷ்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதமாக முழுப்பெயராகத்தான் கூப்பிடுகிறார். என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம். நான் நினைப்பதையே அவரும் நினைத்துக்கொண்டிருந்தால். ரூபி சிஸ்டர் அன்றைக்கு நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார், உங்களுக்கு டைபாய்டு எப்ப வந்ததும்மா. இருபத்தெட்டு வருஷம் முன்னால், ஆச்சு இருபத்தொன்பது, அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, என்றேன். அந்தச் சமயம் வீட்டுல வேற யாருக்காவது காய்ச்சல் வந்ததா, அதுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள்ள. அத்தான் அப்போது பக்கத்தில்தான் நின்றார். நான் இல்லை என்றேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

இல்லை என்று எழுதினார். அந்தப் பேனா அப்படியே ஓடியது. நான் நிறுத்தியிருக்கலாம். கோமதி இருபத்தைந்து வருஷம் என் கையால் தின்றவள், அவளுக்கு ஒன்றும் வரவில்லை, அத்தானுக்கு வரவில்லை, இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், சுத்தம். அப்படியானால் என் கையில் அவ்வளவு விஷம் இல்லை. ஆனால் ஒன்பது பிள்ளைகளுக்கு வந்தது. அப்படியானால் இருக்கிறது. சில நாள் போகும், சில நாள் போகாது. அந்தச் சில நாள் எந்த நாள் என்று யாருக்குத் தெரியும். காய்ச்சல் விட்டு அம்மா வீட்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது எனக்குத் தலையில் முடியே இல்லை, என் மூத்த பிள்ளை சிவசு என்னை அடையாளம் தெரியாமல் அழுதான், ஒன்றேமுக்கால் வயது, அப்பா தோளைவிட்டு இறங்கமாட்டேன் என்றான், சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு கிட்டே போய் டேய் சிவசு என்றேன், குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை. பிறகு விடவே இல்லை, ஆறு மாதம் இடுப்பைவிட்டு இறங்கவில்லை, சோறு நான்தான் ஊட்டவேண்டும், கரண்டியைத் தட்டிவிடுவான், என் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொள்வான், சோறு தீர்ந்தபிறகும் விரலை விடமாட்டான், பல்லால் கவ்விக்கொண்டு சிரிப்பான். விரலை விடமாட்டான். இதற்குமேல் நினைக்கக்கூடாது. ஆனால் இங்கேதான் வந்து நிற்கிறது, ஐந்து மாதமாக எந்தப் பக்கம் போனாலும் இந்த விரலில்தான் வந்து நிற்கிறது. ஆனி மாதம் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தொன்பது நாள். டாக்டர் டைபாய்டு என்றார், தண்ணியில வந்திருக்கும் என்றார், நானும் தண்ணீர் என்றே இருபத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் திட்டிக்கொண்டு எப்படியோ வாழ்ந்துவிட்டேன். அவன் போட்டோ பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது, சுவரில் மாட்டவில்லை, மாட்டினால் பார்க்கவேண்டும், கோமதி பிறந்து வளர்ந்தபிறகு அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்று ஒருநாள் சொன்னதோடு சரி, எப்படி இருந்தான் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை, வீட்டில் அந்தப் பெயர் ஒலித்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. அவனுக்கு இப்போது முப்பது முடிந்திருக்கும். தெருவில் முப்பது வயது ஆண்பிள்ளை யார் போனாலும் உயரத்தைப் பார்ப்பேன். ஒருதடவை, ஒரே ஒருதடவை, அவன் பல் என் விரலில் படுவதுபோல இருந்தால். என்ன நினைக்கிறேன் நான். எதற்காக இந்தக் கையைத் திட்டுகிறேனோ அதையே திரும்பக் கேட்கிறேன். அவன் வந்தால் இந்த விரலை மறுபடியும் கொடுப்பேனா. கொடுக்கமாட்டேன். அழுதாலும் கொடுக்கமாட்டேன். கரண்டியால் ஊட்டுவேன், தட்டிவிட்டால் திரும்ப ஊட்டுவேன்.

எம்மா, என்று பின்னறையிலிருந்து கோமதி கூப்பிட்டாள். போய் வாசற்படியில் நின்றேன். குழந்தை பால் குடித்து முடித்து அவள் தோளில் கிடந்தது, அதன் கண் பாதி திறந்திருந்தது. சிஸ்டர் போன் பண்ணிட்டாங்களா என்றாள். இன்னும் இல்லை என்றேன். இன்னைக்கு நல்ல சேதிதான் வரும், நீ பாரு, மத்தியானம் நீதான் சோறு போடுத, எனக்கு உன் கையால ஒரு வாய் வேணும்மா, அப்பா வைக்கிற குழம்பு பாவம் மருந்து மாதிரி இருக்கு, சொன்னா வருத்தப்படுவாங்கன்னு சாப்பிடுதேன் என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையை என் பக்கம் நீட்டுவதுபோலக் கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். நான் பின்னால் நகர்ந்தேன். அவள் மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். என்மேல் கோபம் இல்லை அவளுக்கு, கோபப்பட்டால்கூட நன்றாக இருக்கும். எனக்கும் இப்படித்தான் ஒருத்தி இருந்து போட்டாள், கோமதி பிறந்தபோது என் அம்மா நாற்பது நாள் பக்கத்தைவிட்டு நகரவில்லை, ஒவ்வொரு வாயும் அவள் பிசைந்து கொடுத்ததுதான். அதை நான் திருப்பிச் செய்யவேண்டிய நாள் இது. நாற்பது நாளில் பன்னிரண்டு நாள் போய்விட்டது. மிச்சம் இருபத்தெட்டு. இன்றைக்குச் சேதி நன்றாக வந்தால் இருபத்தெட்டு நாள் கிடைக்கும். நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். பெருங்காயம் வாசனை வருகிறது, அளவு அதிகம், பரவாயில்லை. பதினொன்றே கால்.

போன் அடித்தது பதினொன்றரைக்கு. நான் சோப்புப் போட்ட கையோடு பின்பக்கம் நின்றிருந்தேன், அத்தான் எடுத்து என் காதில் வைத்தார். வடிவம்மா என்றார் ரூபி சிஸ்டர், அந்த வடிவம்மாவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவதில் கிருமி இருக்கிறது. மாத்திரை போதவில்லை, பித்தப்பையில் கல் இருக்கிறவரைக்கும் அது அங்கேதான் ஒளிந்திருக்கும், பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், பெரியாஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசிவிட்டேன், வருகிற திங்கட்கிழமை வரச் சொன்னார், சின்ன ஓட்டை போட்டுத்தான் எடுப்பார்கள், நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், பிறகு மறுபடி பரிசோதனை. அதாவது இன்னும் மூன்று மாதம். அதாவது அந்த இருபத்தெட்டு நாளும் போய்விட்டது. நான் சரி என்றேன். போகிறேன், எடுத்துவிடட்டும் என்றேன். சிஸ்டர் இன்னும் என்னவோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சோப்பு நுரை முழங்கையில் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது, எனக்கு அந்தப் பேனா ஓடினது மட்டும் தெரிந்தது. சிஸ்டர், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் என்றேன். எனக்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தான். காய்ச்சல் விட்டு வந்து ஆறு மாசம் என் கையாலதான் ஊட்டினேன். ரெண்டரை வயசுல டைபாய்டுல போயிட்டான். என்கிட்ட இருந்துதான் வந்துச்சா. சொல்லுங்க சிஸ்டர். இல்லம்மான்னு சொல்லணும்னு எனக்கு ஆசையா இருக்கு என்றார் சிஸ்டர். ஆனா எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம், தண்ணி, பால், கடையில வாங்கினது, எதுலயும் வந்திருக்கலாம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அதத் தேடிப் போக வழியே இல்லம்மா. முன்னால போற வழிய மட்டும்தான் நாம அடைக்க முடியும். நீங்க அடைச்சிட்டுத்தான் இருக்கீங்க. வைத்துவிட்டார்.

அத்தான் போனை இன்னும் என் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் விலகி, குழாயைத் திறந்து, நுரையைக் கழுவினேன். அவரைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் புதைத்த பிள்ளையை இன்றைக்கு அவருக்கு முன்னால் தோண்டி எடுத்துவிட்டேன், உன் கைதானா என்று அவர் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். அவர் கேட்கவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்தார். கரண்டி இன்னும் ஒரு கையில் இருந்தது. சண்முகவடிவு என்றார்.

“நான் அவனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.”

எனக்குப் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன். தேரோட்டத்துக்கு அவனைத் தோள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனேன்லா என்றார், நீ வெளியில ஒண்ணும் வாங்கிக் கொடுக்காதீங்கன்னு சொல்லி அனுப்பின, அவன் ஐஸ்வண்டியப் பாத்துட்டுத் தோள்ல குதிச்சான், ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன், கடிக்கத் தெரியாம நக்கி நக்கித் தின்னான், சட்டையெல்லாம் சிவப்பா ஒழுகிச்சு, உனக்குத் தெரியக்கூடாதுன்னு தெருக்குழாயில சட்டைய அலசிப் பிழிஞ்சு போட்டுக் கூட்டியாந்தேன். பத்தாம் நாள் காய்ச்சல். டாக்டர் என்ன சாப்பிட்டான்னு கேட்டப்ப நான் சொல்லலை. அவர் குரல் எந்த ஏற்றமும் இல்லாமல், கடையில் துணி விவரம் சொல்லுகிறதுபோல வந்துகொண்டிருந்தது. அன்னைக்கு நர்ஸ் கேட்டப்ப நீ இல்லைன்னு சொன்ன. எனக்காகத்தான் சொல்லுதன்னு நினைச்சேன். உனக்கு எப்படியோ தெரிஞ்சிட்டுன்னு நினைச்சேன்.

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். ஈரக் கை. இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில். அவர் ஏன் கோமதிக்கு ஒரு ஐஸ்கூட வாங்கிக் கொடுத்ததில்லை என்று இப்போது தெரிகிறது. தேரோட்டத்தன்று கடையில் லீவு தருகிறோம் என்றாலும் வேலைக்குப் போய்விடுவார், கூட்டம் பிடிக்காது என்பார். நான் தண்ணீரைத் திட்டிக்கொண்டு இருந்தேன், அவர் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, வேறு என்னவோ வந்தது. அவன் தோளில் குதித்ததை நான் பார்க்கவில்லை. சட்டை சிவப்பாக ஒழுகினதைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அவனைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று கிடைத்திருக்கிறது. புதிதாக ஒன்று. நல்லா இருந்துச்சா அவனுக்கு என்று கேட்டேன். எது, என்றார். அந்த ஐஸ். அவர் என்னைப் பார்த்தார். முகத்தை வழித்துக்கொண்டார், அந்தக் கையில் கரண்டி இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

“குச்சிய விடவே மாட்டேன்னுட்டான். வீட்டு முக்குல வந்துதான் பிடுங்கிப் போட்டேன்.”

அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அவருக்கும் வந்திருக்கும், எழுந்திருக்கவில்லை. உள்ளே காலடி கேட்டது, அடுப்பைத் திருகி அணைக்கிற சத்தம், பாத்திரத்தை இறக்குகிற சத்தம். கோமதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள், சேதி என்ன என்று கேட்கவில்லை, எல்லாம் காதில் விழுந்திருக்கும், சுவர் ஒன்றும் அவ்வளவு தடிமன் இல்லை. பச்சை உடம்புக்காரி, மெல்லக் கையை ஊன்றி, எனக்கும் அவருக்கும் பின்னால் மேல்படியில் உட்கார்ந்தாள். குழந்தையின் மூச்சு என் பிடரியில் படுகிற தூரம். பிறகு அவள்தான் கேட்டாள்.

“அண்ணன் எப்படி இருப்பான்மா?”

நான் திரும்பினேன். குழந்தையின் தலை அவள் தோளிலிருந்து என் பக்கம் சரிந்திருந்தது. கழுவின கை ஈரமாகவே இருந்தது, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, குனிந்து, அந்த உச்சியில் மூக்கை வைத்தேன். பால் வாடையும் எண்ணெய் வாடையும். மூச்சை இழுத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். நல்ல கறுப்பு, உங்க அப்பா நிறம், மூக்கு மட்டும் என் மூக்கு, நடக்கும்போது இடது காலை லேசா இழுத்து வைப்பான், யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், எல்லாரையும் டேய்தான், உங்க அப்பாவையும் டேய்தான், என்றேன். இல்ல, என்றார் அத்தான், என்னைய மட்டும் பெரியாளுன்னு கூப்பிடுவான்.